ஜூன் மாதத்தில் கேட்கப்படும் கருத்து

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் முழுநேர ஆசிரியராகச் சேர்ந்தால், முதல் ஓரிரு ஆண்டுக்குள் ஏதாவது ஒரு கமிட்டி உங்கள் தலையில் வந்து உட்காரும். மறுப்பது எளிதல்ல. பணி நிரந்தரத்துக்கு நான்காண்டு மதிப்பீடு நடக்கிறது. வகுப்பு எடுப்பதோடு கல்லூரிக்கு என்ன செய்தீர்கள் என்றும் அதில் பார்ப்பார்கள். எனக்கு முதலில் வாய்த்தது வாகன நிறுத்தக் கமிட்டி. பிறகு ஆசிரியர் செனட் (ஆசிரியர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் அவை), அதன்பின் திட்டமிடலையும் பட்ஜெட்டையும் கவனிக்கும் கமிட்டி. நான் வேதியியல் ஆசிரியை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வேலை. இங்கே புதிதாகப் பணியில் சேரும் தமிழர்கள் அவ்வப்போது அழைத்து, "கமிட்டியில் போட்டிருக்கிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தரும் சிறிய மையமே நினைவுக்கு வரும். இங்கே கதை வேறு. 73 கல்லூரி மாவட்டங்களில் (கல்லூரிகளை நடத்தும் நிர்வாகப் பிரிவுகள் இவை) 116 கல்லூரிகள், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். பதினெட்டு வயதைக் கடந்த யாரும் சேரலாம். நுழைவுத் தேர்வு இல்லை. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர் கட்டணம். 2012 முதல் அது மாறவில்லை. இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பெர்க்லி, டேவிஸ் போன்ற பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள், செவிலியர் படிப்புக்கு முன்தகுதிப் பாடம் முடிப்பவர்கள், வேலை போய்ப் புதிய தொழில் கற்பவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த நம் ஊர்ப் பெண்களும் நிறைய. வேலைக்குப் போக அனுமதி கிடைக்காத ஆண்டுகளைப் படிப்பால் நிரப்புகிறவர்கள். ஏறத்தாழ எல்லா மாவட்டங்களையும் ஆளும் வாரியங்களை அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கு வருவதற்கு முன் திருச்சியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று எல்லாருக்கும் தெரியும்: செயலாளர் வீட்டு வரவேற்பறையில். பாடத்திட்டக் குழு கூடும், டீ வரும், கையெழுத்துப் போடுவோம். ஆகவே இங்கே வந்த புதிதில், ஒரு பாடத்தின் முன்தகுதியை மாற்ற வேண்டுமா என்று கல்லூரித் தலைவர் செனட்டிடம் வந்து கேட்டபோது, இது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு என்றே எடுத்துக்கொண்டேன். சடங்கு இல்லை, சட்டம் என்று பிறகு தெரிந்தது. சில இடங்களில் சட்டமே சடங்காகிவிடுவதும் உண்டு என்று அதற்கும் பிறகு தெரிந்தது.

சட்டம் இதுதான். 1988-இல் ஏ.பி. 1725 என்ற மாநிலச் சட்டமன்ற மசோதா நிறைவேறியது. அதுவரை பள்ளிகளின் நீட்சியாகவே நடத்தப்பட்டு வந்த இந்தக் கல்லூரிகளை அது முறையான உயர்கல்வி நிறுவனங்களாக்கியது. ஆசிரியர்கள், ஆசிரியரல்லாத ஊழியர்கள், மாணவர்கள் ஆகிய மூவருக்கும் நிர்வாகத்தில் பயனுள்ள வகையில் பங்கேற்கும் உரிமை தந்தது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளில், செனட்டிடம் கலந்தாலோசித்தே தீர வேண்டிய பத்து விஷயங்கள் வரிசையாக வரும். பதினொன்றாவது, இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் வேறு எதுவும். எல்லாரும் இதைப் ‘பத்தும் ஒன்றும்’ என்றுதான் சொல்வார்கள். பாடத்திட்டம், பட்டத்துக்கான தேவைகள், மதிப்பெண் முறை, புதிய படிப்புகள், மாணவர் தேர்ச்சிக்கான கொள்கைகள், அங்கீகார ஆய்வில் ஆசிரியர் பங்கு என்று அந்தப் பட்டியல் போகும். சம்பளமும் வேலை நேரமும் அதில் கிடையாது. அவை யூனியனின் எல்லை. 1975-இன் ரோடா சட்டப்படி நடக்கும் பேச்சுவார்த்தைக்கு உரியவை. புதிதாக வருகிறவர்கள் செனட் கூட்டத்தில் எழுந்து சம்பளம் பேசுவார்கள். செனட் தலைவர் பொறுமையாக, "அதை யூனியனில் சொல்லுங்கள்" என்பார்.

பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் தேடிப் படித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு மாவட்ட வாரியமும், இந்தப் பத்தில் எதற்கு எந்த முறையில் செனட்டைக் கலந்தாலோசிக்கும் என்று ஒரு கொள்கை வைத்திருக்கும். முறைகள் இரண்டு. முதலாவதில், வாரியம் செனட்டின் பரிந்துரையையே முதன்மையாகச் சார்ந்திருக்கும்: வழக்கமாக ஏற்றாக வேண்டும், விதிவிலக்கான சூழலில் வலுவான காரணத்தோடு மட்டுமே மறுக்கலாம். மறுத்தால், செனட் கேட்டவுடன் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது, இருதரப்பும் ஒத்துப்போக வேண்டிய முறை. ஒத்துப்போகாவிட்டால் பழைய கொள்கையே நீடிக்கும். அப்படி நீடிப்பதால் மாவட்டத்துக்குச் சட்டச் சிக்கலோ பெரும் நிதி நெருக்கடியோ வந்தால் மட்டும் வாரியம் தனியாக முடிவெடுக்கலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நடைமுறையில் மிகப் பெரிது. முதல் முறை பொருந்தும் விஷயத்தில் நாம் பரிந்துரை எழுதாமல் சும்மா இருந்தால் உரிமையைக் கோட்டை விடுகிறோம் என்று பொருள். இரண்டாவது முறை பொருந்தும் இடத்தில், நாம் தலையாட்டாதவரை பழையது பழையபடியே இருக்கும். எது எந்த வகை என்று தெரியாமல் கூட்டத்துக்குப் போகிறவர், கத்த வேண்டிய இடத்தில் மௌனமாகவும், மௌனமே போதும் என்ற இடத்தில் கத்திக்கொண்டும் இருப்பார். "எழுத்தில் காரணம் தருக" என்ற வரியை எங்கள் செனட் மிக அரிதாகவே பயன்படுத்தியிருக்கிறது. பயன்படுத்திய ஒரு முறையும் பதில் கடிதம் வரவில்லை. மறுப்பைத்தான் திரும்பப் பெற்றார்கள்.

திட்டமிடல் பற்றிய பத்தாவது வரியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நிறுவனத் திட்டமிடலுக்கும் பட்ஜெட் தயாரிப்புக்குமான நடைமுறைகள் என்றுதான் அதில் இருக்கிறது. பட்ஜெட்டின் தொகைகள் செனட்டின் கையில் இல்லை. அந்தத் தொகைகள் எந்த வழியில், யார் யார் மேசையைத் தாண்டி வரும் என்பதே நம் கையில் இருக்கிறது. எந்தத் துறை என்ன படிவம் நிரப்பும், யார் அதை மதிப்பிடுவார்கள், எத்தனை மதிப்பெண், மறுத்தால் காரணம் சொல்வார்களா என்பதெல்லாம் நடைமுறை. சலிப்பூட்டும் வேலை. ஆனால் அதிகாரம் முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. மே மாதம் பட்ஜெட் கூட்டத்தில் குரல் உயர்த்துகிறவர்களில் பாதிப்பேர், அக்டோபரில் மதிப்பீட்டுப் படிவம் விவாதத்துக்கு வந்தபோது கூட்டத்துக்கே வரவில்லை. இதை நான் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். நட்பு குறைந்ததுதான் மிச்சம்.

நாட்காட்டியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆளுநர் மாநில பட்ஜெட் முன்மொழிவை ஜனவரி 10-க்குள் வெளியிடுவார், மே நடுவில் திருத்துவார், ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். ஜூலை 1-இல் நிதியாண்டு தொடங்குகிறது. அதற்குள் மாவட்ட வாரியம் தற்காலிக பட்ஜெட்டை ஏற்க வேண்டும், செப்டம்பர் 15-க்குள் இறுதி பட்ஜெட்டை. ஆசிரியர்களோ மே இறுதியில் வகுப்பு முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். எனவே எந்த நிர்வாகத்துக்கும் ஒரு சௌகரியம் உண்டு: ஜூனில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "கருத்துகளைப் பத்து நாளுக்குள் தெரிவிக்கவும்" என்று கேட்டுவிடலாம். யாரும் பதில் எழுத மாட்டார்கள். ஆகஸ்டில், கலந்தாலோசித்தாயிற்று என்று ஆவணத்தில் இருக்கும். எல்லா நேரமும் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஜூலை 1 கழுத்தை நெரிக்கிறது. இருந்தாலும் ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். எங்கள் செனட்டின் துணைவிதிகளில் இப்போது ஒரு வரி இருக்கிறது: கோடையில் வரும் கலந்தாலோசனைக் கோரிக்கைக்குச் செனட்டின் பதில், இலையுதிர் பருவத்தின் முதல் கூட்டத்துக்குப் பிறகே தரப்படும். அவசரம் என்றால் செயற்குழுவை அழைக்க வேண்டும். ஒரே வரிதான். அதை எழுதிச் சேர்க்க ஒரு கல்வியாண்டு முழுவதும் போனது.

இனி ஒரு உதாரணம். எங்கள் கல்லூரியில் பருவத்தைச் சுருக்கும் யோசனை வந்தது. மரபான பருவம் பதினேழரை வாரக் கணக்கு. அதைப் பதினாறு வாரமாக்கினால், ஜனவரியில் ஐந்து வாரக் குளிர்காலப் பருவம் ஒன்றை இடையில் நுழைக்கலாம். பல கல்லூரிகள் முன்பே செய்த காரியம்தான். மாணவர்களுக்கும் பிடிக்கும், கோடையில் வேலைக்குப் போக இன்னும் கொஞ்சம் நாள் கிடைக்கும். நிர்வாகத்துக்குக் கூடுதல் சேர்க்கை கிடைக்கும். மாநில நிதியில் பெரும்பகுதி, மாணவர்கள் வகுப்பில் செலவிடும் மணிக்கணக்கில்தான் வருகிறது. 525 மணி நேரம் ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். 2018-இல் வந்த புதிய சூத்திரப்படி அடிப்படை நிதியில் 70 விழுக்காடு அந்தச் சேர்க்கைக்கு, 20 விழுக்காடு ஏழை மாணவர் எண்ணிக்கைக்கு, 10 விழுக்காடு பட்டம் பெறுவது, பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவது போன்ற தேர்ச்சிகளுக்கு.

நிர்வாகம் இந்த யோசனையைக் கூட்டத்தில் விளக்கியபோது திரையில் படங்கள் ஓடின. நன்றாகவே செய்திருந்தார்கள். வாரங்கள் குறைந்தால் ஒவ்வொரு வகுப்பும் நீளும்: 75 நிமிட வகுப்பு 85 நிமிடமாகும். அது யாருக்கும் உறைக்கவில்லை. பத்து நிமிடம்தானே. ஆனால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் ஆய்வகம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரமாகும். எங்கள் கட்டடத்தில் ஒரே ஆய்வகத்தில் நாளொன்றுக்கு மூன்று பிரிவுகள் நடக்கும். நேர அட்டவணைப் படத்தில் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே இடைவெளியாகப் பதினைந்து நிமிட வெள்ளைக் கோடு இருந்தது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார்; ஆசிரியரல்லாத ஊழியர்களின் பிரதிநிதியாக. வழக்கமாகப் பேசமாட்டார். அன்று கேட்டார்: "வகுப்பு முடிந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது. அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நான் எப்படி நுழைவது?" சிரிப்பு எழுந்தது. கல்லூரித் துணைத்தலைவர், "குறித்துக்கொள்கிறோம்" என்றார். கமிட்டிகளில் ‘குறித்துக்கொள்கிறோம்’ என்றால் மறக்கப்போகிறோம் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் அவரும் நானும் ஒரு நடுநிலையாக்கல் பரிசோதனைக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அறையை மாற்றினோம். இருபத்து நான்கு பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கழிவு ஜாடிகளை மூடி, சீட்டு ஒட்டி, அப்புறப்படுத்த வேண்டும். மேசைகளைத் துடைக்க வேண்டும். அடுத்த பிரிவின் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், தராசுகளைச் சரிபார்க்க வேண்டும். நாற்பது நிமிடம் பிடித்தது, இருவர் செய்து. வழக்கமாக அவர் தனியாகச் செய்கிறார். அதை அரைப் பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலோடு இணைக்கச் சொன்னோம். பேச்சில் சொன்னது காற்றோடு போகும். இணைப்பாகப் போன தாளுக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம் என் மதிய ஆய்வகத்தில் ஒரு மாணவி, சேலத்துக்காரர், எச்-4 விசாவில் இருப்பவர். மருந்தியல் படிப்புக்கு முன்தகுதி முடித்துக்கொண்டிருந்தார். நேர மாற்றத்தைப் பற்றி வகுப்பில் சொன்னபோது முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"மேடம், ஐந்து ஐம்பத்தைந்துக்கு விட்டால் எனக்கு ஆகாது. டேகேர் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதன்பிறகு நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம்."

"இதை நான் சொன்னால் செவிவழிச் செய்தி. நீங்களே செனட்டுக்கு வந்து சொல்லுங்களேன்."

"நான் சொல்லலாமா? சிட்டிசன் இல்லையே."

சொல்லலாம். பிரவுன் சட்டம் என்று 1953-இல் வந்த திறந்த கூட்டச் சட்டம் செனட்டுக்கும் பொருந்தும். நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே வெளியாக வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும், நிரலில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. அவர் வந்தார், இரண்டு நிமிடம் பேசினார். தாளைப் பார்த்துத்தான் படித்தார். பிள்ளையை ஆறு மணிக்குள் கூட்டிவர வேண்டிய மாணவர்கள் கல்லூரியில் எத்தனை பேர் என்று கேட்டார். எவரிடமும் விடை இல்லை. ஒரு கல்லூரியின் ஆய்வுப் பிரிவு மாணவர்களின் வயது, இனம், வருமானம், மதிப்பெண் எல்லாவற்றையும் வைத்திருக்கும். குழந்தை இருக்கிறதா என்ற கேள்வி எங்கள் படிவத்தில் அதுவரை இல்லை. அந்த ஆண்டுக் கருத்துக்கணிப்பில் சேர்த்தார்கள்.

முடிவு என்ன ஆனது என்றால், பருவம் சுருங்கியது. ஓராண்டு தள்ளி. செனட் இரண்டு வாசிப்பு வைத்து, அதாவது இரண்டு கூட்டங்களில் வரைவை விவாதித்து, பரிந்துரை எழுதியது. வேலைநாள் சம்பந்தப்பட்டதை யூனியன் தன் மேசையில் தனியாகப் பேசியது. ஆய்வகங்களுக்கு மட்டும் தனி நேர அட்டவணை கிடைத்தது, இடைவெளி நாற்பது நிமிடமானது. அதற்கு விலையாக வாரத்தில் இரண்டு நாள் மூன்று பிரிவுகளுக்குப் பதில் இரண்டுதான் நடத்த முடிந்தது. அதனால் ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு வகுப்பு போயிற்று. சேலத்து மாணவி சனிக்கிழமை ஆய்வகத்துக்கு மாறிக்கொண்டார். அவர் கணவருக்கு அன்று விடுமுறை. எல்லாருக்கும் நல்லது நடந்தது என்று சொல்ல மாட்டேன்.

வகுப்பு போன அந்தப் பகுதிநேர ஆசிரியர் எந்தக் கமிட்டியிலும் இல்லை. இந்த அமைப்பில் எனக்கு ஆறாத மனக்குறை இது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தவர். ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 விழுக்காட்டுக்கு மேல் அவர்களுக்குத் தரக் கூடாது என்பது சட்டம். ஆகையால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய் மதியம் மூன்று மணிக்குச் சம்பளமில்லாமல் கூட்டத்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? ஒரு இடம் ஒதுக்கிவிட்டோம் என்று செனட் திருப்திப்பட்டுக்கொள்கிறது. கூட்ட நேரத்துக்கு ஊதியம் தரும் கல்லூரிகளில் மட்டும் அந்த நாற்காலி நிரம்புகிறது. எங்கள் கல்லூரியில் யூனியன் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் அது வந்தது. செனட் தீர்மானத்தால் வரவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. பட்ஜெட் கமிட்டிக்குப் போகிறவர் ‘ஐம்பது விழுக்காடு சட்டத்தை’ அறியாமல் போகக் கூடாது. கல்விக்கான நடப்புச் செலவில் பாதியாவது வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களின் ஊதியமாக இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாணவர் ஆலோசகரும் நூலகரும் அந்தப் பாதியில் சேர மாட்டார்கள்; அவர்கள் எதிர்ப்பக்கம். பணி நியமன வரிசை தயாரிக்கும்போது, ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு நிதி அதிகாரி ஒரு தாளை எடுத்துக் காட்டுவார், அறை அமைதியாகிவிடும். அது சாக்கா, உண்மையா? சில நேரம் இரண்டும். கடந்த மூன்றாண்டில் அந்த விழுக்காடு எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தால் உண்மை. தள்ளி இருந்தால் பேச இடமிருக்கிறது.

துறை மறுஆய்வுப் படிவத்தில் "எங்களுக்கு இன்னொரு ஆசிரியர் தேவை" என்று எழுதாதீர்கள். எல்லாத் துறையும் அதைத்தான் எழுதும். காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பிரிவுகள் ஆள் கிடைக்காமல் ரத்தாயின, அதனால் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் போன மாணவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கல்லூரியின் கல்வித் திட்ட ஆவணத்தில் எந்த இலக்கோடு அது பொருந்துகிறது என்பதை அந்த ஆவணத்தின் சொற்களிலேயே எழுதுங்கள். மதிப்பிடுகிறவர் தத்துவத் துறைக்காரராக இருக்கலாம். அவருக்கு உங்கள் ஆய்வகம் தெரியாது, படிவத்தில் உள்ள கட்டங்கள் தெரியும்.

"இத்தனை கமிட்டி எதற்கு, ஒருவர் முடிவெடுத்தால் போதாதா?" என்று சலிப்பவர்களும் உண்டு, நிர்வாகம் எதைச் சொன்னாலும் எதிர்ப்பவர்களும் உண்டு. இருவருக்கும் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் வரலாற்றைச் சொல்வேன். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த கல்லூரி. 2012-இல் அங்கீகார ஆணையம் அங்கே நிதி இருப்பு குறைவு, திட்டமிடலும் பட்ஜெட்டும் இணையவில்லை, யார் முடிவெடுப்பது என்பதில் தெளிவில்லை என்றெல்லாம் குறை கண்டது. 2013 ஜூலையில் அங்கீகாரத்தை ரத்து செய்ய முடிவெடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் அதிகாரம் ஒரு சிறப்பு அதிகாரி கைக்குப் போனது. நகர வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தார். ஆணையமும் விதிகளை மீறியிருக்கிறது என்று 2015-இல் நீதிமன்றம் சொன்னது. 2017 ஜனவரியில்தான் ஏழாண்டுக்கு அங்கீகாரம் உறுதியானது. அதற்குள் பல்லாயிரம் மாணவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று வளைகுடாப் பகுதியில் இன்றும் சண்டை போடலாம். நான் அதில் பார்ப்பது வேறு: முடிவை எவர் எடுத்தார், எப்போது எடுத்தார், எந்தத் தாளைப் பார்த்து எடுத்தார் என்று கூட்டக் குறிப்பைப் புரட்டிக் காட்ட முடியாத கல்லூரிக்கு, ஆய்வுக் குழு வரும்போது பேச வாய் இருக்காது.

எல்லாம் கல்லூரிக்குள்ளேயே முடிவாகிறது என்றும் நினைக்க வேண்டாம். முன்தகுதி செனட்டின் உரிமை என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம், 2017-இல் ஏ.பி. 705 வந்து, பள்ளி மதிப்பெண்ணை வைத்தே மாணவர்களை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பல்கலைக்கழக மட்டப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்றது. கீழ்ப்படிப் பாடங்கள் பெரும்பாலும் மறைந்தன. கணிதத் துறை நண்பர்கள் இன்னும் அதைப் பற்றிக் கோபமாகப் பேசுகிறார்கள். மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவில் முடிவானதற்கு எங்கள் செனட்டில் தீர்மானம் போட்டுப் பயனில்லை. மாநில அளவிலான ஆசிரியர் செனட் ஒன்று உண்டு. அங்கே ஆள் அனுப்பினால்தான் அடுத்த மசோதாவாவது முன்கூட்டித் தெரியும்.

இந்த ஆண்டு எங்கள் செனட் எழுதிக்கொண்டிருப்பது, ஒரு படிப்பை மூடுவதற்கான நடைமுறை. மூடப்போகும் படிப்பு எதுவும் இப்போது இல்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம். எந்தத் தரவு பார்க்கப்படும், எத்தனை பருவ அவகாசம், நடுவில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் எப்படி முடிப்பார்கள், பகுதிநேர ஆசிரியருக்கு எப்போது சொல்லப்படும் என்பதையெல்லாம், யாருடைய துறையும் பலிபீடத்தில் இல்லாத ஆண்டில்தான் நிதானமாகப் பேச முடியும். வரைவின் ஐந்தாம் பக்கத்தில் அவகாசம் ஒரு பருவமா இரண்டா என்பதில் நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. இரண்டாம் வாசிப்பு அக்டோபர் கூட்டத்தில்.